ஒரு கீப்பருக்கு ஒரு பவுலர்

1

இந்த வருடம் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொண்டதில் எந்தக் கம்பெனி கெட்டிக்காரத்தனம் செய்தது, எது ஏமாந்தது என்று என் கருத்தைக் கேட்டு முசஃபாவிலிருந்து பதினோரு பேர் போன் செய்துவிட்டார்கள். கருத்துச் சொல்வதைப் போன வருடத்தோடு நிறுத்திவிட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு ஒவ்வொருவரிடமும் கால் மணி நேரம் கருத்தும் சொன்னேன். பழக்கம் அப்படி.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முசஃபா, அபுதாபி நகரத்துக்கு வெளியே இருக்கும் பட்டறைப் பேட்டை. கார் ரிப்பேர், அலுமினியம், சாரம் கட்டுவது, சாப்பாட்டுக் காண்டிராக்ட் என்று வரிசையாகக் கம்பெனிகள். அவற்றுக்குப் பின்னால் தொழிலாளர் கேம்ப்புகள். கேம்ப்புகளுக்குப் பின்னால் ஒரு பொட்டல். வெள்ளிக்கிழமை காலையில், ஜும்மா தொழுகைக்கு முன், அந்தப் பொட்டலில் பன்னிரண்டு கம்பெனிகளின் அணிகள் டென்னிஸ் பந்தில் டேப் சுற்றிக் கிரிக்கெட் ஆடுகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆட்டம் கிடையாது. அந்த வெயிலில் பந்தில் சுற்றிய டேப் இளகிக் கையோடு வந்துவிடும். ஆட்டமில்லாத அந்த நான்கு மாதங்களில்தான் ஆட்டக்காரர்கள் கம்பெனி மாறுவார்கள். உண்மையான ரசிகனுக்கு அதுதான் சீசன்.

கம்பெனி மாறுவது என்றால் சட்டை மாற்றுவதைப் போல இல்லை. ஒரு கம்பெனியின் அணியில் ஆட வேண்டுமானால் அந்தக் கம்பெனியின் லேபர் கார்டு கையில் இருக்க வேண்டும். டாஸ் போடுவதற்கு முன் இரண்டு அணிகளும் தங்கள் கார்டுகளை ஒரு பிக்கப் வண்டியின் பானெட்டில் பரப்பி வைக்கும். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர், படம், கம்பெனி, காலாவதி எல்லாம் பார்த்து வைப்பேன். ஒரு தடவை ஐஸ் கம்பெனி ஒன்று, ஐஸையே பார்த்திராத ஏழு பேரை இறக்கிக் கோப்பை வாங்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு இந்த விதி வந்தது. செப்டம்பர் கடைசி வேலைநாளுக்குள் பெயர்ப் பட்டியல் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் இரண்டாவது பிரிவு. ஆகவே அடுத்த கம்பெனியின் பவுலர் வேண்டுமென்றால் ஆளை மட்டும் கூப்பிட முடியாது. விசாவோடு பெயர்த்துக்கொண்டு வர வேண்டும்.

விதியை எழுதி, டைப் செய்து, பன்னிரண்டு பிரதி எடுத்தவன் நான்.

2

அலுமினியம் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். பெயர்தான் பெரிது. ஆட்களைக் கொண்டுவருவதும் ஆட்களை அனுப்புவதும் வேலை. எந்தத் தாளுக்கு எந்த முத்திரை, எந்த முத்திரைக்கு முன் எந்தக் கையெழுத்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அறுபது முடிந்ததும் எனக்கும் ஒரு தாள் வந்தது. அதன் நடைமுறையும் எனக்குத் தெரிந்திருந்ததால் யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை.

இப்போது மகன் கார்த்திக்கின் விசாவில் இருக்கிறேன். தகப்பனை விசாவில் எடுக்க மகன் இந்தியத் தூதரகத்தில் ஒரு உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஊரில் இவரைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை என்று அதில் எழுத வேண்டும். என் மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. எழுதுவதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அதைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு யாரும் இல்லை என்பது ஒரு வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும். விசாவின் கடைசி வரியில் 'பணிபுரிய அனுமதி இல்லை' என்று அச்சடித்திருக்கிறார்கள். அனுமதித்தால் மட்டும் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

கார்த்திக் அமெரிக்கப் பொறியியல் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். உடன் வேலை செய்பவர்களோடு பழகி அவனுக்குப் பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. அதிலும் ஆட்டம் நடக்கும் மாதங்களைவிட, ஆட்டம் இல்லாத குளிர்கால மாதங்களில்தான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க மாட்டான். யாரைக் கொடுத்து யாரை வாங்கினார்கள், எத்தனை வருட ஒப்பந்தம் என்று படித்துக்கொண்டே இருப்பான். எனக்கும் படித்துக் காட்டுவான். முப்பத்தைந்து வயதில் முழங்கை ஆபரேஷன் முடிந்த ஒருவனுக்கு ஐந்து வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள் என்றபோது, அவனுக்கு மெடிக்கல் யார் பார்த்தது என்று கேட்டேன். கார்த்திக் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எங்கள் கம்பெனியில் முழங்கை மடங்கவில்லை என்றால் அன்று மாலையே டிக்கெட்.

இன்னொரு நாள் ஒரு பெரிய மாற்றத்தைப் பற்றிச் சொன்னான். அந்தப் பக்கம் ஒரு நல்ல பவுலர், இந்தப் பக்கம் மூன்று இளைஞர்கள்.

"அந்தப் பையன்கிட்ட கேட்டாங்களாடா?"

"எந்தப் பையன்பா?"

"இப்ப ஊரு மாத்தினாங்களே, அந்தப் பவுலர்."

"பிட்ச்சர்பா. கேக்கல்லாம் மாட்டாங்க. ரெண்டு டீமும் பேசி முடிச்சிடுவாங்க. பாதிப் பேரு டிவியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவான்."

"டிவியிலயாவது சொல்றாங்க."

என் பேத்தி அனு பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள். பதினோரு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நடுவில் எங்கேயோ இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வோம். தலையைத் தூக்காமலே, "தாத்தா, இட்ஸ் ஜஸ்ட் பிசினஸ்" என்றாள்.

இருபத்தாறு வருடமாக நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இத்தனை சுருக்கமாகச் சொல்ல வரவில்லை.

3

காளிதாஸ் விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் இதே நாட்களில் நடந்தது.

மானாமதுரைப் பக்கத்துக்காரன். இருபத்தொன்பது வயது. சாரம் கட்டும் கம்பெனியில் இருந்தான். ஊரில் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். ஏஜென்ட் கொடுத்த விசாவில் 'ஹெல்பர்' என்று இருந்தது. இங்கே அட்டையில் ஹெல்பர் என்று விழுந்துவிட்டால், நெருப்பில்லாமல் இரும்பை ஒட்டவைத்தாலும் நீ ஹெல்பர்தான். ஐந்து வருடமாக எட்டாவது மாடி, பத்தாவது மாடி என்று குழாய்களைத் தோளில் சுமந்து ஏறிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலைகளில் மட்டும் அந்தத் தோள் வேறு வேலை செய்தது. ஆறே தப்படி ஓடிவருவான். பந்து அவன் கையை விட்டது தெரியாது. ஸ்டம்பாக வைத்திருக்கும் பெயின்ட் டப்பா சத்தம் போடும்போதுதான் தெரியும். எங்கள் அலுமினியம் அணி அந்த சீசனில் நான்கு ஆட்டங்களைக் கடைசி ஓவரில் தோற்றிருந்தது. கடைசி ஓவர் போட ஆள் இல்லை. ஆனால் விக்கெட் கீப்பர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் ஷாஜி, திருச்சூர்க்காரன், எலக்ட்ரீஷியன். நன்றாக பேட்டும் செய்வான்.

சாரம் கம்பெனியின் மேனேஜர் ஜமால் பாய் கீழக்கரைக்காரர். அணியையும் அவர்தான் நடத்துகிறார். ஆகஸ்டில் ஒரு நாள் அவருடைய ஆபீசுக்குப் போனேன். காளிதாஸை விட ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால், எங்கள் பழைய கம்பெனியில் அவனை வெல்டராக எடுத்துக்கொள்வார்கள் என்றேன்.

"லெட்டர் என்னா சார், சும்மாவே குடுத்துருவேன். ஆனா என் கீப்பரு லீவுல போனவன் திரும்பி வரலை. நிக்காஹ் முடிச்சு மாமனாரு கடையில உக்காந்துட்டான். எனக்கு ஸ்டம்புக்குப் பின்னாடி நிக்க ஆளு வேணும்ல?"

"ஷாஜியை எடுத்துக்குங்க."

"ஷாஜியா? அவன் வாயி ஓயாது சார்."

"கீப்பருக்கு வாய் வேணும் பாய்."

"அதுஞ் சரிதான்" என்றார்.

ஒரு கீப்பருக்கு ஒரு பவுலர். ஒரு டம்ளர் சுலைமானி டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ரசிகனாக இன்றும் என் கருத்து மாறவில்லை: லீக்கின் வரலாற்றில் அதைப்போல இரண்டு பக்கமும் பொருந்திய மாற்றம் நடந்ததில்லை. உபரியைக் கொடுத்துத் தேவையை வாங்கினோம். அவர்களும் அப்படியே. சம்பந்தப்பட்ட இரண்டு பேரையும் கேட்கவில்லை என்பது கேம்ப்புக்குப் போகும் வழியில்தான் ஞாபகம் வந்தது.

காளிதாஸிடம் சொன்னபோது கிரிக்கெட்டைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"சார், கார்டுல வெல்டர்னே எழுதுவாகளா?"

"எழுதுவாங்க."

"அரபியில என்னன்னு சார் வரும்?"

"லஹ்ஹாம்."

"லஹ்ஹாம்" என்று சொல்லிப் பார்த்தான். முதல் தடவை சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது.

4

கம்பெனி மாறுபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. முதலில் புதிய அனுமதி, பிறகு பழைய ரத்து. புதிய கம்பெனிக்கு வந்த அனுமதித் தாளைக் கண்ணால் பார்க்காமல் பழைய விசாவை ரத்து செய்யும் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. அனுமதி கையில் இருந்தால் ஆள் இங்கேயே மாறிக்கொள்ளலாம். இல்லாமல் ரத்து ஆகிவிட்டால் முப்பது நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். போகும்போது ஆறு மாதத் தடையும் கூடவே போகும். எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கேம்ப்பில் வயரிங் செய்ய வந்த ஷாஜிக்குக்கூட ஒரு தடவை விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜமால் பாயின் முதலாளி வெளிநாடு போயிருந்தார். கடிதத்தில் அவர் கையெழுத்து விழுந்தது செப்டம்பர் கடைசி புதன்கிழமை. மறுநாள் வியாழன், மாதத்தின் கடைசி வேலைநாள். அன்றோடு லீக்கின் பட்டியல் முடிகிறது. ரமலான் வேறு, அரசு அலுவலகக் கவுன்டர்கள் ஒரு மணிக்கு மூடிவிடும். புதிய அனுமதி வர எப்படியும் ஞாயிறு, திங்கள் ஆகும். ஆனால் ரத்துத் தாளும், விண்ணப்பம் கொடுத்த ரசீதும் இருந்தால் பட்டியலில் பெயரை ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையை விதியில் நானே சேர்த்து வைத்திருந்தேன்.

நான்கு நாள் பொறுத்திருந்தால் காளிதாஸ் வெல்டராகியிருப்பான், அல்லது ஹெல்பராகவே இருந்திருப்பான். ஆட்டம் மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கும். இதை அன்று யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். கடைசி ஓவரில் தோற்ற நான்கு ஆட்டங்களையும் யோசித்தேன்.

வியாழன் காலை ஜமால் பாயின் ஆபீசில் இரண்டு பேரையும் உட்காரவைத்து ரத்துத் தாள்களைக் கொடுத்தேன். காளிதாஸ் வாங்கியதும் கையெழுத்துப் போட்டுவிட்டான். படிக்கக்கூட இல்லை. "சார் சொன்னாச் சரிதான்" என்றான்.

ஷாஜி பேனாவை வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆத்யம் புதிய பேப்பர் காணட்டே சாரே. பின்னே ஒப்பிடாம்."

முதலில் புதிய தாளைப் பார்க்கிறேன், பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்கிறான்.

"நான் சொல்றேன்ல ஷாஜி. ரெண்டு நாள்ல வந்துடும்."

"சார்தன்னெயல்லே படிப்பிச்சது?"

நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள் என்றான். ஜமால் பாய், "சரி, இவன் ஞாயித்துக்கெழமை போடட்டும்" என்று பேனாவை வாங்கிப் பையில் செருகிக்கொண்டார்.

காளிதாஸின் ரத்து ஒரு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது முத்திரை வாங்கியது. அலுமினியம் கம்பெனிக்காக அரசு அலுவலகங்களுக்கு அலையும் ஆளை இங்கே மந்தூப் என்பார்கள். சூடான்காரர், நல்லவர். அவர் காளிதாஸின் புது விண்ணப்பத்தோடு பக்கத்துக் கவுன்டருக்குப் போனார். போன கையோடு திரும்பி வந்தார்.

"குல்லு பந்த்" என்றார். எல்லாம் மூடிவிட்டது.

எங்கள் கம்பெனியின் முதலாளிக்கு அல் ஐனில் ஒரு உதிரிபாகக் கடை இருந்திருக்கிறது. அதன் லைசென்ஸைப் புதுப்பிக்க மறந்திருக்கிறார்கள். ஒருவர் பெயரில் உள்ள ஒரு ஃபைல் மூடினால் அவர் பெயரில் உள்ள எல்லா ஃபைலும் மூடும், புது ஆள் யாருக்கும் அனுமதி கிடைக்காது. இந்த நடைமுறையும் எனக்குத் தெரியும். அந்தக் கடை இருப்பதுதான் தெரியாது. நான்கு நாள் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

5

ரத்தைத் திரும்பப் பெற முடியும். பழைய முதலாளி சம்மதித்து ஒரு வரி எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை ஜமால் பாய் தன் முதலாளியின் அறைக்குள் போனார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். மூன்று நிமிடத்தில் வந்துவிட்டார்.

"முடியாதுங்குறாரு சார். வேண்டாத ஆளுன்னு நீதானே எழுதுனே, போகட்டும், கலாஸ்ங்குறாரு."

"வேண்டாத ஆளுன்னு எழுதினீங்களா?"

"பின்னே? ஒழுங்கா வேலை செய்யிறவனை ஏன் விடுறேன்னு கேப்பாருல்ல? உபரி, ஒழுங்கு பத்தாதுன்னு எழுதுனேன். அப்பத்தான் கையெழுத்துப் போட்டாரு."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே பாய்."

"என்னான்னு சார்? விக்கெட் கீப்பருக்காக எழுதுனேன்னா? நோன்பு வாயோட அதைச் சொல்லி அடுத்த ஃப்ளைட்ல நானும் போகவா?"

அவரைக் குறைசொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடமாக அவரும் ஒருவருடைய விசாவில் இருப்பவர்தான்.

அல் ஐன் கடை லைசென்ஸ் இன்று, நாளை என்றார்கள். இன்ஷா அல்லா என்றார்கள். நடுவில் ஈத் விடுமுறை வந்து நாட்களை விழுங்கியது. நானே கவுன்டருக்குப் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று போனேன். இருபத்தாறு வருடம் நின்ற வரிசை. கவுன்டரில் இருந்த இளைஞன் மரியாதையாக என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, நீங்கள் எந்தக் கம்பெனியின் பிரதிநிதி என்று கேட்டான். எந்தக் கம்பெனியும் இல்லை என்றேன். அப்படியானால் இந்த மனுவைப் பற்றி உங்களோடு பேச எனக்கு அனுமதி இல்லை என்றான். அவன் சொன்னது சரி. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இத்தனை மரியாதை இருந்திருக்காது.

இருபத்தொன்பதாம் நாள் காளிதாஸை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்ஸியில் அவன் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான்.

"ஆறு மாசந்தான சார்?"

"ஆறே மாசம்தான். ரத்து ஆன நாள்லேருந்து கணக்கு. மார்ச்சு தாண்டினா வந்துடலாம்."

"லஹ்ஹாம்" என்றான், எனக்குச் சமாதானம் சொல்வதுபோல.

அவன் போய் ஒன்பதாம் நாள் ஃபைல் திறந்தது. ஷாஜியை யாரும் மறுபடி கேட்கவில்லை. அவன் எங்கள் அணியிலேயே இருந்தான். சீசன் முழுவதும் நன்றாக ஆடினான். நாங்கள் ஐந்து ஆட்டங்களைக் கடைசி ஓவரில் தோற்றோம்.

6

தடை முடிந்தது. தடை முடிந்த மறுநாளே தன்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று காளிதாஸ் நினைத்துக்கொண்டிருந்தான். தடை என்பது வரக் கூடாது என்று சொல்லும் தாள். வா என்று சொல்வதற்கு வேறு தாள் வேண்டும். அதற்காக ஏப்ரலிலிருந்து அவனுடைய பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு பழைய கம்பெனிக்கு நடந்துகொண்டிருந்தேன். வரவேற்பில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண் என்னைப் பார்த்ததும் தண்ணீர் கொடுத்துவிடுவாள். காத்திருக்க வேண்டியிருக்கும் என்று அர்த்தம்.

ஆகஸ்டில் ஒரே ஒரு வெல்டர் விசா கிடைத்தது. யாருக்குக் கொடுப்பது என்பதை ஃபோர்மேன் சந்தானத்திடம் விட்டுவிட்டார்கள். சந்தானம் திருநெல்வேலிக்காரர், எங்கள் அணியின் கேப்டனும் அவர்தான். கேம்ப் மெஸ்ஸில் கூட்டம் போட்டார். அவர், ஷாஜி, நான். இரண்டு பெயர்கள். ஒன்று காளிதாஸ். இன்னொன்று, குவைத்தில் ஃபஹாஹீலில் ஒப்பந்தம் முடிந்து வரத் தயாராக இருந்த ஒருவன். பெயர் அந்தோணி. இடதுகைப் பவுலர். அங்கே ஒரு சீசனில் அவனை யாராலும் தொடமுடியவில்லை என்று சந்தானத்தின் மச்சான் சொல்லியிருக்கிறார்.

"அந்தோணி வெல்டரா?" என்று கேட்டேன்.

"பிளம்பர். அதைப் பாத்துக்கிடலாம் சார். நீங்க சொல்லுங்க, யாரை எடுக்கலாம்?"

"காளிதாஸ்."

சந்தானம் சிரிக்கவில்லை. "சார், மனசாட்சிய வச்சுச் சொல்லாதிய. கிரிக்கெட்ட வச்சுச் சொல்லுங்க."

"கிரிக்கெட்டை வச்சும் காளிதாஸ்தான்."

"இப்ப அவன் பந்து போடுதானா? என்ன வேலை பாக்கான்?"

செங்கல் சூளையில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறான். வலது தோளில் வலி என்று இரண்டு தடவை போனில் சொல்லியிருந்தான். இந்தத் தகவல் என்னைத் தவிர அந்த மெஸ்ஸில் யாருக்கும் தெரியாது. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அணிக்காக ஒருவனை எடுக்கும்போது உடல்நிலையை மறைப்பது எந்த நியாயத்திலும் சேராது என்று எனக்குள் இருக்கும் ரசிகன் நினைத்தான்.

"தோள்ல கொஞ்சம் வலி இருக்குன்னு சொன்னான்" என்றேன்.

"சாரே" என்றான் ஷாஜி, மெதுவாக.

அதற்கப்புறம் நான் ஐ.டி.ஐ. சான்றிதழைப் பற்றியும் வெல்டர் விசாவில் வெல்டர் வருவதன் நன்மைகளைப் பற்றியும் நிறையப் பேசினேன். சந்தானம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டீ வந்தது. குடித்துவிட்டு எழுந்தோம்.

7

போன வெள்ளிக்கிழமை சீசனின் முதல் ஆட்டம், எங்களுக்கும் சாரம் கம்பெனிக்கும். பானெட்டில் கார்டுகளைப் பரப்பினார்கள். ஒன்பதாவதாக எடுத்தது புதுக் கார்டு, ஓரம் இன்னும் மழுங்கவில்லை. படத்தில் அந்தோணி. தொழில் என்ற கட்டத்தில் அரபியில் லஹ்ஹாம் என்று தெளிவாக இருந்தது.

"வெல்டிங் தெரியுமா தம்பி?"

"தெரியாது சார்" என்றான். நல்ல சிரிப்பு. "செய்யிறதப் பாத்துருக்கேன்."

பெயர், படம், கம்பெனி, காலாவதி எல்லாம் சரியாக இருந்தன. பானெட்டில் வைத்தேன்.

என் கருத்தைக் கேட்ட பதினோரு பேருக்கும் சொன்னதை இங்கேயும் பதிவு செய்துவிடுகிறேன். சாப்பாட்டுக் காண்டிராக்ட் கம்பெனி எடுத்த இரண்டு பேட்ஸ்மேன்களும் வீண். கண்ணாடிக் கம்பெனி ஒரு நல்ல ஃபீல்டரை வைத்துக்கொள்ளத் தெரியாமல் விட்டுவிட்டது. ஜமால் பாய்க்கு இன்னும் கீப்பர் கிடைக்கவில்லை. சமையல்காரரை நிறுத்திவைத்திருக்கிறார், பந்தெல்லாம் பின்னால் போகிறது. இந்த வருடத்தின் சிறந்த தேர்வு அந்தோணி. இரண்டு பக்கமும் திருப்புகிறான், களைப்பதில்லை, கடைசி ஓவரில் கை நடுங்குவதில்லை. மூன்று விக்கெட். காளிதாஸைவிட நல்ல பவுலர். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஆட்டத்தைப் பார்த்த யாரும் வேறு மாதிரி எழுத முடியாது. கடைசி ஓவரில் ஜெயித்தோம். எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஜமால் பாய் என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்ல ஆளா எடுத்துருக்கீங்க சார்" என்றார். பிறகு, "அவன் எப்புடி இருக்கான்?" என்று கேட்டார். யார் என்று சொல்லவில்லை. இருக்கான் என்றேன்.

பன்னிரண்டாவது போன் அன்றைக்கு மத்தியானம் வந்தது. போன் இல்லை, மிஸ்டு கால். காளிதாஸ் அப்படித்தான் கூப்பிடுவான். போன் கார்டு வாங்கி வந்து நான் திருப்பிக் கூப்பிட்டேன். பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"மேட்ச்சு இன்னைக்குத்தான சார்? புது ஆளு எப்படி?"

"சுமார்தான். உன் வேகம் கிடையாது."

"சும்மா சொல்லாதீக சார். ஷாஜி அண்ணே மெசேஜ் போட்டுருச்சு. மூணு விக்கெட்டாம்ல?"

"ஆமா."

"நல்லதுதான சார். இனிமே கடைசி ஓவர்ல நாம தோக்க மாட்டோம்."

எங்கள் அணிக்காக அவன் ஒரு பந்துகூடப் போட்டதில்லை. நாம என்கிறான்.

"தோள் எப்படி இருக்கு?"

"இருக்கு சார். இடது தோள்ல தூக்கிப் பழகிட்டேன்."

எனக்குத் தெரிந்தது நடைமுறை ஒன்றுதான், அதையே சொன்னேன். "காளி, இனிமே எங்க போனாலும் முதல்ல புதுப் பேப்பரைக் கண்ணால பாரு. அப்புறம்தான் பழைய பேப்பர்ல கையெழுத்து. யார் அவசரப்படுத்தினாலும் போடாத. நானே சொன்னாலும் போடாத."

லாரிக்காரன் அவனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டான். இந்தா வாரேன் என்று அங்கே சொல்லிவிட்டுப் போனுக்கு வந்தான்.

"சரி சார். யாராச்சும் பேப்பர நீட்டுனா பாத்துப் போடுறேன்."

அப்புறம் ஸ்கோர் கேட்டான். நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஓவர் ஓவராகச் சொன்னேன்.